ஓர் இரசிகரின் வரலாறு



2023ஆம் ஆண்டின் இறுதித் தவணையில் எங்கள் பாடசாலையில் ஒரு கட்டுரைப் போட்டி நடைபெற்றது. "நான் மதிக்கும் பெரியார்" என்பது தலைப்பு. மாணவருட் பலர் ஆறுமுக நாவலரைப் பற்றி எழுதினர். சிலர் சுவாமி விபுலானந்தரைப் பற்றி எழுதினர். ஒரு மாணவன் மட்டும், அவ்வாண்டு ஒக்ரோபர் மாதம் 30ஆம் நாள் தமது 87ஆம் அகவையிற் காலமான பேர்சி அபேசேகர என்பவரைப் பற்றி எழுதியிருந்தான். திருத்திய ஆசிரியர் "தலைப்புக்குப் பொருந்தாது" எனச் சிவப்பு மையால் எழுதி, விடைத்தாளை என் மேசையில் வைத்துச் சென்றார்.

அவர் அவ்வாறு எழுதியதிலும் நியாயம் உண்டு. பேர்சி அபேசேகர நூல் எழுதியதனாலோ, ஆட்சி புரிந்ததனாலோ புகழ் பெற்றவர் அல்லர். இலங்கை அணியில் இடம்பெற்று மட்டை பிடித்தவரும் அல்லர். கிறிக்கெற் மைதானத்திற் பெரியதொரு தேசியக் கொடியைத் தோளில் ஏந்தி நின்று, ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இலங்கை அணியை ஊக்குவித்த ஓர் இரசிகர், அவ்வளவே. எனினும் அம்மாணவன் தன் கட்டுரையின் முடிவில் ஒரு வினாவை எழுப்பியிருந்தான். ஆடியவனுக்கு வரலாறு உண்டு; ஆடியவனைப் பார்த்தே ஆயுளைக் கழித்தவனுக்கு வரலாறு இல்லையா? இதுவே அவன் வினா. அதற்கு எத்தனை புள்ளி இடுவது என்று எனக்குத் தெரியவில்லை. இன்றைய எனது பேச்சு, அச்சிறுவனுக்கு நான் செலுத்த வேண்டிய கடன் எனக் கொள்க.

பார்ப்போர் இன்றி விளையாட்டு இல்லை என்பது நம் முன்னோர் நன்கறிந்த உண்மை. கலித்தொகையின் முல்லைக்கலியில் ஏறு தழுவும் இளைஞரோடு, பரண்மீது நின்று அவர்தம் தீரத்தை நோக்கும் மகளிரும் இடம் பெறுகின்றனர். ஆயினும் பார்ப்போரைத் தனி மனிதராகக் கண்டு, பெயர் சொல்லிப் போற்றும் வழக்கம் பிற்காலத்தது. அவுஸ்திரேலியாவின் சிட்னி மைதானத்திலே, "யாபா" என அழைக்கப்பட்ட ஸ்ரீபன் கஸ்கொயின் என்பவர் இருந்தார். தெருத்தெருவாக முயல் விற்றுப் பிழைத்தவர் அவர். புல்மேட்டில் அமர்ந்து அவர் உரத்த குரலில் வீசிய நகைச்சுவைக் கணைகள், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆட்டக்காரரின் புகழுக்கு இணையாகப் பேசப்பட்டன. 1942இல் மறைந்த அவருக்கு 2008ஆம் ஆண்டில் அதே மைதானத்தில் உருவச்சிலை அமைத்தனர். முயல் விற்றவனுக்குச் சிலை வைத்த நாட்டில், அம்மாணவனின் வினாவுக்கு விடை முன்னரே அளிக்கப்பட்டுவிட்டது எனலாம்.

நேயர்களே, பேர்சியின் வாழ்வை விளங்கிக்கொள்வதற்கு அவர் சிறுவனாயிருந்த காலத்துக் கொழும்பை முதலில் நினைவுகூர வேண்டும். 1948ஆம் ஆண்டு பெப்ரவரி 4ஆம் நாள் இலங்கை சுதந்திரம் பெற்றது. அதன்பின் ஏழு வாரங்கள் கழித்து, மார்ச் 27ஆம் நாள், இங்கிலாந்துக்குக் கப்பலிற் சென்றுகொண்டிருந்த டொன் பிரட்மனின் அவுஸ்திரேலிய அணி கொழும்பில் இறங்கி ஒருநாள் ஆட்டம் ஆடியது. தமிழ் யூனியன் கழகத்தின் ஓவல் மைதானமே அந்த ஆட்டக்களம். இலங்கை அணிக்குத் தலைமை தாங்கியவர் மகாதேவ சதாசிவம். முந்திய ஆண்டில், சென்னைச் சேப்பாக்கத்தில் 215 ஓட்டங்கள் குவித்து அந்நகரத்தாரை வியக்க வைத்தவர் அவர். அன்று பிரட்மன் 20 ஓட்டங்களுடன் ஆட்டமிழந்தார். ஆடுகளத்தின் நீளத்தில் ஐயுற்று அளந்து பார்த்தபொழுது, இருபத்திரண்டு யாருக்குப் பதிலாக இருபது யாரே இருந்ததாகக் கண்டனர் என்பது இன்றும் சுவையோடு பேசப்படும் செய்தி.

இந்நிகழ்ச்சியை நான் நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தமிழர் கழகம் ஒன்றன் மைதானத்தில், தமிழர் ஒருவரின் தலைமையில், சிங்களவரும் தமிழரும் பறங்கியரும் முஸ்லிம்களும் கூடிய ஒரு கொழும்பின் முன்னே, புதிய நாட்டின் அணி உலகத்தின் தலைசிறந்த அணியை எதிர்கொண்டது. அந்த மைதானம் பின்னாளில் பாக்கியசோதி சரவணமுத்துவின் பெயரைத் தாங்கிற்று. அந்நாளில் அங்கே கூடியிருந்தோர், நாடு இவ்வழியே செல்லும் என்று நம்பியிருத்தல் கூடும்.

ஆனால் நாடு வேறு வழியிற் சென்றது. கொடியின் கதையையே சான்றாகக் கொள்ளலாம். சுதந்திரத்தின்போது ஏற்றப்பட்டது கண்டி மன்னரின் சிங்கக் கொடி. சிறுபான்மையினரின் குறை கேட்க ஒரு குழு அமைந்தது. அதன் விளைவாக 1951ஆம் ஆண்டு, தமிழரைக் குறிக்கும் செம்மஞ்சட் பட்டையும் முஸ்லிம்களைக் குறிக்கும் பச்சைப் பட்டையும் சேர்க்கப்பட்டன. அக்குழுவில் அமர்ந்திருந்த செனற்றர் எஸ். நடேசன் அம்முடிவுக்கு உடன்படவில்லை. பட்டைகள் சிங்கத்தின் சட்டத்துக்கு வெளியே நிற்கின்றன. அவை ஒருங்கிணைவைக் காட்டுகின்றனவா, ஒதுக்கத்தைக் காட்டுகின்றனவா என்ற வினா அன்றே எழுந்து, இன்றும் ஓயாதிருக்கிறது. பேர்சி அபேசேகர தோளில் ஏந்திய கொடி இதுவே என்பதை மறவாதிருப்போமாக.

இனி, அவர் பணிக்கு வருவோம். 1979ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டியில் இலங்கை இந்தியாவை 47 ஓட்டங்களால் வென்றது. அக்காலந்தொட்டே பேர்சியின் குரல் இலங்கை அணியின் பின்னே ஒலிக்கலாயிற்று. 1981 ஜூலையில் இலங்கைக்கு ரெஸ்ற் தகுதி கிடைத்தது. 1982 பெப்ரவரி 17ஆம் நாள், முன்சொன்ன அதே ஓவல் மைதானத்தில், இங்கிலாந்துக்கு எதிராக முதலாவது ரெஸ்ற் ஆட்டம் தொடங்கிற்று. இலங்கை ஏழு விக்கெற்றுகளாற் தோற்றது. அடுத்து வந்த ஆட்டங்களிலும் ஒன்று தோல்வி, இன்றேல் வெற்றி தோல்வியற்ற முடிவு. பதின்மூன்று ஆட்டங்கள் இவ்வாறு கழிந்தன. பதினான்காவது ஆட்டத்திலே, 1985 செப்ரெம்பர் 11ஆம் நாள், மீண்டும் அதே மைதானத்தில், இந்தியாவை 149 ஓட்டங்களால் வென்று முதல் வெற்றியைப் பெற்றது.

வெல்லும் அணியைப் போற்றுவதற்கு ஆயிரம் பேர் முன்வருவர். வென்றறியாத அணியின் பின்னே கொடி பிடிப்பதற்குத் தனி நெஞ்சம் வேண்டும். பேர்சி வீரர்களின் பெயர்களை வைத்து எதுகை மோனை அமையச் சிறு பாடல்களைக் கட்டி, அவ்விடத்திலேயே உரக்கச் சொல்லுவார். களைத்திருந்த ஆட்டக்காரர் முகத்திற் சிரிப்பு மலரும். வெயிலிற் சோர்ந்திருந்த சனங்களும் நிமிர்ந்து அமர்வர். இலங்கை வீரர் ஒருவர் நூறு ஓட்டங்களை எட்டினால், கொடியோடு மைதானத்துட் சென்று வாழ்த்துவார். பிறர் அவ்வாறு புகுந்தாற் காவலர் பிடித்து வெளியேற்றுவர். பேர்சிக்கோ அது எழுதாத உரிமையாயிற்று.

எதிரணியினரை அவர் நடத்திய முறையே அவரிடத்து நான் காணும் பெருஞ் சிறப்பு. தம் அணியைப் போற்றினாரேயன்றி, வந்தவரை வசைபாடினாரல்லர். அவர்களையும் நகைச்சுவையால் வரவேற்றார். நன்றாக ஆடினாற் கைகொட்டினார். நியூசிலாந்தின் புகழ்பெற்ற துடுப்பாட்ட வீரர் மார்ட்டின் குரோவ், ஆட்ட நாயகனாகத் தமக்குக் கிடைத்த பரிசைப் பேர்சியிடமே அளித்தார் என்பது மைதானங்களில் நெடுங்காலமாகச் சொல்லப்படும் செய்தி. 2015ஆம் ஆண்டு இந்திய அணி இங்கு வந்தபோது, அணித்தலைவர் விராட் கோலி அந்த முதியவரைத் தம் அணியினரின் அறைக்கே அழைத்துச் சென்று மதிப்பளித்தார். தோற்கடிக்க வந்தவர்கள், தங்கள் தோல்வியை நாள்தோறும் வேண்டி நின்ற ஒருவரை ஏன் மதித்தார்கள்? தம்மவர்மீது அவர் கொண்ட அன்பிற் பிறர்மீது பகை கலந்திருக்கவில்லை. அதனாலேயே மதித்தார்கள்.

நேயர்களே, இவ்விடத்தில் என்னைப் பற்றிச் சில சொல்ல நேர்கிறது. நான் வெள்ளவத்தையில் வளர்ந்தவன். 1983 ஜூலை மாதத்தில் எனக்கு வயது பன்னிரண்டு. எங்கள் வீதியிலே தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்ததைக் கண்டேன். அயலிலிருந்த சிங்களக் குடும்பம் ஒன்றன் பின்னறையில் இரண்டு நாட்கள் ஒளிந்திருந்து உயிர் தப்பினோம். அதன்பின் நெடுங்காலம் வாளேந்திய சிங்கத்தின் கொடியைக் காணும்போதெல்லாம் என் நெஞ்சு தன்னையறியாமற் சுருங்கும். கிறிக்கெற் ஆட்டத்தை விரும்பினேன். கொடியை விரும்ப இயலவில்லை. என் தந்தையார் வானொலியில் ஆட்ட வர்ணனையைக் கேட்பார். இலங்கை வென்றால் மகிழ்வார். ஆனால் வானொலியை நிறுத்திய பின்பே மகிழ்வார். இதனை அன்றைய வெள்ளவத்தைத் தமிழர் பலர் அறிவர்.

1996ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் கொழும்பு மத்திய வங்கியிற் குண்டு வெடித்தது. தொண்ணூறு பேரளவில் மாண்டனர். அவுஸ்திரேலிய அணியும் மேற்கிந்திய அணியும் உலகக் கிண்ண ஆட்டங்களுக்காகக் கொழும்புக்கு வர மறுத்தன. அவ்வேளை இந்திய வீரரும் பாகிஸ்தான் வீரரும் ஓரணியாகச் சேர்ந்து, பெப்ரவரி 13ஆம் நாள் பிரேமதாச மைதானத்தில் இலங்கையுடன் ஆடினர். தங்களுட் போரிட்ட இரு நாட்டினர், போரில் மூழ்கிய மூன்றாவது நாட்டுக்கு ஆறுதல் கூற வந்த அக்காட்சி மறக்கற்பாலதன்று. அப்போது நான் இளம் ஆசிரியன். கொட்டாஞ்சேனையிலிருந்து மைதானம்வரை வீதிச் சோதனைகள். என் அடையாள அட்டையை மும்முறை வாங்கிப் பார்த்த பின்பே உள்ளே விட்டனர்.

அதற்கு முந்திய டிசம்பர் 26ஆம் நாள்தான் மெல்பேண் மைதானத்தில், நடுவர் டரல் ஹெயார் முத்தையா முரளிதரனின் பந்துவீச்சை ஏழு தடவை முறையற்றதென அறிவித்திருந்தார். மலையகத் தமிழர் குடும்பத்தில், கண்டியிற் பிறந்த அவ்விளைஞனுக்கு அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க அரணாக நின்றார். இலங்கை மைதானங்களிற் கூடியோரும் அவரைத் தம் பிள்ளை எனக் கொண்டனர். அந்த ஆரவாரத்தை முதன்முதலாக நேரிற் கேட்டபோது, இத்துணை எளிதாக ஒரு தமிழன் பெயரை வாய் நிறையச் சொல்லும் இம்மக்கள், மைதானத்துக்கு வெளியே ஏன் அங்ஙனம் இருந்தார்கள் என்று எண்ணி வியந்தேன். இன்றும் எனக்கு விடை கிட்டவில்லை.

1996 மார்ச் 17ஆம் நாள் லாகூரில் இலங்கை அவுஸ்திரேலியாவை ஏழு விக்கெற்றுகளால் வென்று உலகக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காது 107 ஓட்டங்கள் பெற்றார். அன்றிரவு என் தந்தையார் வானொலியை நிறுத்தவில்லை. வாசற் கதவைத் திறந்து வைத்து, அதன் ஒலியையும் கூட்டினார்.

அக்கொடி என் உள்ளத்தில் முற்றாக ஆறுதல் பெற்றுவிட்டது என நான் கூறமாட்டேன். கூறினால் அது பொய்யாகும். ஆயினும் அதனை ஏந்திய கைகள் பலவற்றை நான் கண்டிருக்கிறேன். அதிகாரத்தோடு ஏந்திய கைகள் உண்டு. அச்சுறுத்த ஏந்திய கைகளும் உண்டு. முதிர்ந்த பேர்சியின் கையில் அதனைத் தொலைவிலிருந்து பார்த்தபொழுது மட்டுமே, இஃது எவரையும் விலக்குவதற்காகப் பிடிக்கப்பட்டதன்று என்று எனக்குத் தோன்றியது. ஓர் அரசியல் உரையும் செய்யாத உதவியை ஓர் இரசிகர் செய்தார்.

இனி, கடல் கடந்து ஒரு கணம் செல்வோம். வெள்ளவத்தையில் இன்று ரொறன்ரோவில் உறவினர் இல்லாத தமிழ்க் குடும்பத்தைக் காண்பது அரிது. 1983க்குப் பின் நம்மவர் அங்கே குடியேறினர். 1984இல் டில்லியிற் சீக்கியர்க்கு எதிரான வன்செயல்கள் மூண்ட பின்னர், நவ் பாட்டியா என்ற சீக்கியப் பொறியியலாளரும் அந்நாட்டுக்கே சென்றார். படிப்புக்கேற்ற தொழில் கிடைக்கவில்லை. மோட்டார் வண்டி விற்கும் வேலைக்கு அமர்ந்து, மூன்று மாதங்களில் 127 வண்டிகளை விற்றுக் காட்டினார். 1995ஆம் ஆண்டு ரொறன்ரோ றாப்ரர்ஸ் என்னும் தொழின்முறைக் கூடைப்பந்தாட்ட அணி தன் முதற் பருவத்தைத் தொடங்கியபோது, அவரும் நுழைவுச்சீட்டு வாங்கி அமர்ந்தார். அப்பருவத்தில் அணி ஆடிய 82 ஆட்டங்களில் வென்றவை 21 மட்டுமே. எனினும் அவர் எழுந்து போகவில்லை. அணி சொந்த நகரில் ஆடிய ஆட்டங்களுக்குத் தவறாது, பல்லாண்டுகள், தலைப்பாகையோடு முன்வரிசையில் வந்தமர்ந்தார்.

ஒரு முறை கடையொன்றில் அவரைக் கண்டவர்கள், தலைப்பாகை அணிந்த காரணத்தாலேயே வாடகை வண்டிச் சாரதி என எண்ணினர். வேற்றவரை அறியாமையே இதற்கு வேர் என உணர்ந்த அவர், ஆயிரக்கணக்கான நுழைவுச்சீட்டுகளைத் தம் பணத்தில் வாங்கிப் பல இனச் சிறுவர்களையும் ஓரிடத்தில் அமர்ந்து ஆட்டம் காணச் செய்தார். 2019ஆம் ஆண்டு எதிரணியின் இரசிகர் ஒருவர் அவருடைய தலைப்பாகையை இழித்தெழுதியபோது, சினங்கொள்ளாது மன்னித்து, உடனிருந்து உணவருந்த அழைத்தார். அவ்வாண்டு ஜூன் 13ஆம் நாள் அவ்வணி வாகை சூடியது. வீரருக்கு அளிக்கும் வெற்றி மோதிரம் அவருக்கும் அளிக்கப்பட்டது. 2021இல், கூடைப்பந்தாட்டத்தைத் தோற்றுவித்த நெய்சிமித்தின் பெயரால் அமைந்த புகழ்மண்டபத்தில் இரசிகர் என்ற தகுதியிலேயே இடம்பெற்றார். கூடைப்பந்தாட்டம் செழித்த கொட்டாஞ்சேனைப் பிள்ளைகளுக்கு இவ்வரலாற்றைச் சொல்லும்போது, அவர்கள் கண்கள் விரிவதைக் கண்டிருக்கிறேன்.

கொழும்பில் ஒருவர், ரொறன்ரோவில் ஒருவர். மொழி வேறு, சமயம் வேறு, ஆட்டம் வேறு. ஒருவர் பெரும்பான்மையினர், மற்றவர் வந்தேறிய சிறுபான்மையினர். எனினும் இருவரும் ஒரே பாடத்தையே நடத்தினர். தோற்கும்போதும் உடனிருப்பதே பற்று. எதிரே நிற்பவனையும் மனிதனாகக் காண்பதே பண்பு. முன்னது இல்லாத பற்று வெறும் வேடிக்கை. பின்னது இல்லாத பற்று வெறி. நம் நாட்டுக் கலவரங்களின் வரலாற்றைப் படிப்போர்க்கு, இவ்வேறுபாடு விளையாட்டுச் செய்தியன்று என்பது விளங்கும்.

பேர்சியின் கடைசி நாட்களைச் சொல்லி முடிக்கிறேன். 2023 செப்ரெம்பர் 17ஆம் நாள், பிரேமதாச மைதானத்தில் நடந்த ஆசியக் கிண்ண இறுதியாட்டத்தில் இலங்கை 50 ஓட்டங்களுக்குள் சுருண்டது. முகமது சிராஜ் ஆறு விக்கெற்றுகளை வீழ்த்தினார். அந்நாட்களிற் பேர்சி மைதானத்துக்கு வர இயலாது நோயுற்று வீட்டில் இருந்தார். அந்த மாதத்தில் அவரைத் தேடி வீட்டுக்கே சென்று நலம் விசாரித்தவர், வென்ற அணியின் தலைவர் ரோகித் சர்மா. இலங்கைக் கிறிக்கெற் நிறுவனமும் அம்மாதம் ஐம்பது இலட்சம் ரூபாய் வழங்கி அவரைப் பேணியது. ஒக்ரோபர் 30ஆம் நாள் அவர் கண்மூடினார். அன்றைய நாளில், உலகக் கிண்ணப் போட்டிக்காகப் பூனே நகரில் ஆடிய இலங்கை அணி ஆப்கானிஸ்தானிடம் ஏழு விக்கெற்றுகளாற் தோற்றது. தோல்வியிலே அவர் பணி தொடங்கிற்று. தோல்வி நாளொன்றிலே முடிந்தது. இடையே கொடி மட்டும் தாழவில்லை.

அம்மாணவனின் விடைத்தாளைச் சில நாட்கள் என் மேசையில் வைத்திருந்தேன். பின்னர் அவ்வாசிரியரை அழைத்து உரையாடினேன். அவர் மீண்டும் ஒருமுறை படித்தார். சிவப்பு மையால் எழுதியதை அடித்தார். பரிசு அவனுக்குக் கிடைக்கவில்லை. அவன் எழுத்துப் பிழைகள் அத்துணை. ஆனால் தாளின் ஓரத்தில் நான் ஒரு வரி எழுதிக் கொடுத்தேன்: "வரலாறு உண்டு, மகனே. அதனை நீயே எழுதத் தொடங்கிவிட்டாய்."